மூச்சைச் சேர்த்து வைத்த வைகாசி

வைகாசி 2, வெள்ளி

வெட்கக்கேடான விஷயத்தை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு என்றால் கை வராது. இப்போதெல்லாம் என் உள்பாவாடை நாடாவை என் வீட்டுக்காரர்தான் கட்டிவிடுகிறார். நானே குனிந்து, இழுத்து, முடிச்சுப் போடுவதற்குள் மலையேறி வந்தவள் போல இரைக்கிறது. அவர் மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் சாக்குத் தைக்கிறவர். மூட்டையைத் தவிர வேறெதையும் கட்டிப் பழக்கமில்லாத மனிதர். இன்று காலையில் அவர் போட்ட முடிச்சு சாயங்காலம் வரை என்ன செய்தும் அவிழவில்லை. பக்கத்து வீட்டு ராக்கம்மா வந்து கத்தரிக்கோலால் வெட்டித்தான் எனக்கு விடுதலை.

"அண்ணாச்சி ஒங்கள லாரியில ஏத்தப் பாத்திருக்காரு மதினி" என்றாள். சிரித்ததில் இன்னும் கொஞ்சம் இரைத்தது.

இந்த நோட்டைக் கொடுத்தது ஷெரின். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிற பெண், நாகர்கோவில்காரி. வியாழக்கிழமைதோறும் அவளிடம் போகிறேன். "எந்த வேலை செய்தா மூச்சு வாங்குது, என்ன செய்தா தேவலைன்னு தினமும் எழுதுங்கம்மா. ரெண்டு வரி போதும்" என்றாள். அஞ்சாம் வகுப்போடு நின்றவளை எழுதச் சொன்னதே பெரிய மரியாதை. ஆனால் ரெண்டு வரியில் நிறுத்த எனக்கு எங்கே தெரியும்?

பெயர் ஆவுடைத்தாய். கோவில்பட்டி. பாதி ஆயுசு பஞ்சு மில்லில் போயிற்று. நூலானது போக மிச்சப் பஞ்சு என் நெஞ்சுக்குள் இருக்கிறது. தை மாதம் நிமோனியா வந்து படுத்தேன், எழுந்தும் விட்டேன். பழைய மூச்சு மட்டும் என் கூட வீட்டுக்கு வரவில்லை. இருக்கிற மூச்சை வைத்துத்தான் இனிக் குடித்தனம் நடத்த வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்கு ஷெரின் சொல்லித் தந்த வழிகள் உண்டு. உட்கார்ந்து செய்ய முடிகிற எதையும் நின்று செய்யக் கூடாது. முக்காலி போட்டுக் குளிக்க வேண்டும். குனியவும் கூடாது, தலைக்கு மேல் கையைத் தூக்கவும் கூடாது. எழும்போது, ஏறும்போது, எதையாவது தூக்கும்போது, சூடான காபியை ஆற்றுவது போல உதட்டைக் குவித்து ஊத வேண்டும். நடக்கும்போது பேசக் கூடாது.

எல்லாம் சரி. அந்தக் கடைசி ஒன்றுதான் கொலைபாதகம்.

வைகாசி 3, சனி

உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். இரைக்கவில்லை. கண்ணீர் வந்தது, அது வெங்காயத்தால்.

வைகாசி 5, திங்கள்

தம்பி பெண்டாட்டி கனகா கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். வைகாசி இருபத்தைந்து, ஞாயிறு. அவள் மகள் தங்கமாரிக்குச் சாத்தூர் மாப்பிள்ளை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. தங்கமாரி நடந்து பழகியதே என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான்.

எங்கள் பக்கத்தில் முகூர்த்தம் முடிந்த சாயங்காலம் நலுங்கு வைப்பார்கள். மாப்பிள்ளை, பெண்ணை உட்காரவைத்து, பெண்ணுக்கு அத்தைக்காரி கேலிப் பாட்டுப் பாட வேண்டும். மாப்பிள்ளை, அவன் அம்மா, யாரையும் விடக் கூடாது. அவர்கள் பக்கத்திலிருந்தும் பதில் பாட்டு வரும். சுத்துப்பட்டில் எந்த வீட்டு நலுங்கு என்றாலும் என்னைத்தான் கூப்பிட்டுப் போவார்கள். நான் கேலி செய்து அழுத மாப்பிள்ளைகூட உண்டு. ஊரார் வீட்டுக்கெல்லாம் பாடினேன். சொந்த மருமகளுக்கு ஒரு தடவைதானே வரும்?

கனகா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மதினி, ஒங்களுக்கு முடியலன்னா கேசட் கடையில சொல்லி பாட்டுப் போட்டுக்கலாம்னு ஒங்க தம்பி சொல்லுதாவ."

"என் சாவுக்குப் போடச் சொல்லு கேசட்டு. நலுங்குக்கு நான் பாடுவேன்."

வீட்டுக்காரர் சுவரில் பல்லி இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

வைகாசி 8, வியாழன்

ஷெரினிடம் சொன்னேன். முடியாது என்பாள் என்று சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவள் நோட்டை வாசித்துச் சிரித்தாள். நாடா சமாச்சாரத்தைப் பக்கத்து மேசை டாக்டருக்கும் வாசித்துக் காட்டினாள். வெள்ளைக்காரி நிறத்தில் இருந்திருந்தால் நான் சிவந்திருப்பேன்.

பிறகு கேட்டாள். "பாட்டுக்கு மூச்சு வேணும்னா, வேற எதை விடுவீங்கம்மா?"

"எதையும் விடாம ரெண்டும் நடக்காதா?"

"நடக்காதும்மா. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் உண்டு. காலையிலேயே கோலத்துலயும் துவையல் அரைக்கிறதுலயும் கொட்டிட்டா, சாயங்காலம் பாட்டுக்கு எங்க போறது?"

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "தண்ணி மாதிரின்னு சொல்லு! எங்க ஊர்ல குழாயில தண்ணி எப்ப வரும்னு அந்தக் குழாய்க்கே தெரியாது. குடிதண்ணியில யாராவது கால் கழுவுவாளா? கழுவினா மாமியார் கால ஒடிச்சிருவா."

"அதேதான்" என்றாள். அவள் ஊரில் வீட்டுக்குப் பின்னாலேயே வாய்க்கால் ஓடுமாம். இருந்தாலும் புரிந்துகொண்டாள்.

கோலம் போடுவதை விட்டேன். அம்மியை விட்டேன். துணி துவைப்பதை அவர் பக்கம் தள்ளினேன். ஷெரின் பேனாவை ஆட்டிக்கொண்டே, "நாள் முழுக்கப் பேசுறதையும் கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்றாள். பேசுவதற்கும் மூச்சுதான் செலவாகிறதாம். இத்தனை வயதாகி இப்போதுதான் தெரிகிறது.

வைகாசி 9, வெள்ளி

இன்று யாரையும் கேலி செய்யவில்லை. ராக்கம்மா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

வைகாசி 12, திங்கள்

பேசாமல் இருந்தால் இரைப்பு நிஜமாகவே குறைகிறது. ஆனால் வீட்டுக்காரருக்கு என்னவோ ஆகிவிட்டது. இன்று காலையில் சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். ஒரு பக்கம் தூக்கலாக, ஒரு பக்கம் தொங்கலாக. நான் பார்த்தேன். வாயை இறுக்கிக்கொண்டேன். உள்ளே போனார், வந்தார். செருப்பை மாற்றிப் போட்டார். அப்போதும் நான் பேசவில்லை. கடைசியில் என்னுடைய துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். அந்த ரோஜாப்பூ போட்ட துண்டு.

"ஏங்க, கடைக்குப் போறீங்களா, கரகாட்டத்துக்குப் போறீங்களா?" என்று என்னையும் மீறிக் கேட்டுவிட்டேன்.

"ஒண்ணுமில்ல" என்றார். முகத்தில் ஒரு தெளிச்சி. துண்டைக் கழற்றி, பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டு போனார். வயசாகிறது, மறதி வரத்தான் செய்யும்.

இன்னொரு விஷயம். கொஞ்ச நாளாக இவர் வேலை முடிந்து வரும்போது குளித்து, தலை ஈரத்தோடு, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வருகிறார். முன்னெல்லாம் வாசலில் கால் வைத்தாலே தெருவே தும்மும், அவ்வளவு வத்தல் நெடி. "யாருக்காக இந்த அலங்காரம்? கமிஷன் கடையில புதுசா கணக்கெழுத யாரும் வந்திருக்காளா?" என்று போன வாரமே கேட்டிருந்தேன். இன்று ராக்கம்மா புருஷன் போகிற போக்கில் சொன்னார்: அந்தக் கடையில் மாட்டுத் தொட்டித் தண்ணீரில் நின்று குளிக்கிறாராம். தூசி வீட்டுக்குள் போகக் கூடாதாம். எல்லாரும் சிரிக்கிறார்களாம்.

ராத்திரி ரசத்துக்கு அப்பளம் கூடுதலாகப் பொரித்தேன். உட்கார்ந்துதான் பொரித்தேன்.

வைகாசி 15, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் அடுப்படி என்னுடையதாக இல்லை. அவர் லீவு போட்டு, பரணில் இருந்ததையும் தரையில் இருந்ததையும் எல்லாம் என் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். அரிசி டிரம்முக்கு அடியில் செங்கல். அடுப்புக்கு முன்னால் முக்காலி. முக்காலியில் சாக்கை மடித்து மெத்தை மாதிரித் தைத்திருக்கிறார். தையல் மட்டும் மூட்டைத் தையல்.

"உப்பு எங்க?"

காட்டினார்.

"சீனி?"

அதையும் காட்டினார். ரெண்டும் ஒரே மாதிரி டப்பா.

"கல்யாணத்துக்கு முன்னாடி என்னக் கொன்னுட்டு, வேற பாட்டுக்காரியக் கூட்டிட்டு வரலாம்னு திட்டமா?" என்றேன்.

சாக்கு மேல் எழுதுகிற மையால் ஒரு டப்பாவில் பெரிதாக 'உ' போட்டார். அந்தக் கையெழுத்தைப் பார்த்தால் ஏற்றுமதிக்குப் போகிற உப்பு போல இருக்கிறது.

வைகாசி 19, திங்கள்

பாட்டுக் கட்டினேன். சாத்தூர் சம்பந்தி அம்மா பெயர் பாக்கியத்தாய். நிச்சயதார்த்தத்துக்கு அவர் கட்டி வந்த சேலையை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். அதை வைத்தே ஒன்று கட்டிவிட்டேன்.

பாடிப் பார்த்தால் பழையபடி ஒரே மூச்சில் வரவில்லை. ஒரு அடி பாடுகிறேன், நின்றுவிடுகிறது. ஊத வேண்டியிருக்கிறது. அடுத்த அடி பாடுவதற்குள் கேட்கிறவர்கள் பந்திக்குப் போய்விடுவார்கள். ராக்கம்மா "நல்லாத்தான் இருக்கு மதினி" என்றாள். அவள் பொய் சொன்னால் காது சிவக்கும்.

வைகாசி 23, வெள்ளி

இதை எழுத வேண்டாம் என்று பார்த்தேன். ஷெரின் வாசிப்பாள். வாசிக்கட்டும்.

மத்தியானம் நான் மட்டும் வீட்டில் இருந்தேன். தெருவில் பாதிப் பேர் கல்யாண வேலைக்குப் போயிருந்தார்கள். கட்டிலில் சாய்ந்து மூச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தேன். குழாயில் 'உஸ்' என்று காற்று வந்தது. தெருக்கோடியில் யாரோ, "தண்ணி வந்துட்டு!" என்று கத்தினார்கள்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் நான் யோசிக்கவில்லை. கோவில்பட்டியில் பிறந்த எவளும் யோசித்திருக்க மாட்டாள். பிணமாகக் கிடந்தாலும் எழுந்து ஒரு குடத்தை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் திரும்பப் படுப்பாள். ஒரே ஒரு குடம் என்றுதான் போனேன். குடம் நிறைந்தது. அண்டா காலியாக இருந்தது. கல்யாண வீட்டுக்கு விருந்தாள் வருவார்கள், ராக்கம்மா வீட்டிலும் ஆள் இல்லை, அவள் குடமும் வாசலில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. தூக்கினேன், ஊற்றினேன், தூக்கினேன். ஊத மறந்துவிட்டேன். எல்லாம் மறந்துவிட்டேன்.

குழாய்ப் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மூச்சு உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. தெரு வெள்ளையாகத் தெரிந்தது.

அவர் எப்போது வந்தார் என்று தெரியாது. இன்ஹேலரை வாயில் வைத்தது தெரியும். முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, தன் நெஞ்சில் என்னைச் சாய்த்துக்கொண்டார். நடுத்தெருவில். "ஊது. ஊது ஏளா. காபிய ஆத்து" என்றார். அவரும் கூடவே ஊதினார்.

குடம் நிறைந்து தண்ணீர் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. நான் குழாயைக் காட்டினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடியும் காட்டினேன். "ஓடட்டும்" என்றார்.

ஓடட்டும் என்றார்! எங்கள் தெருவில் குடிதண்ணீர் ஓடியது. எனக்கு இரைப்பைவிட அதுதான் பயமாக இருந்தது.

வைகாசி 24, சனி

கட்டில்தான். ஷெரின் போனில் திட்டினாள், பிறகு அழுதாளோ என்னவோ, மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நாளைக்குக் கல்யாணத்துக்குப் போங்கம்மா. ஆனா யார் வந்தாலும் எழும்பக் கூடாது. நாற்காலியிலேயே இருக்கணும். பாட்டு உங்க இஷ்டம். நடுவுல நின்னு ஊதணும்னா வெட்கப்படாம நின்னு ஊதுங்க" என்றாள்.

நான் அவரிடம் சொன்னேன், "பாட வேண்டாம்னு சொல்லுங்க. கேட்டுக்கிடுதேன்."

அவர் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். "நீ பேசாம இருந்தேல்ல, அந்த நாளெல்லாம் வீடு கதவடைச்ச மில்லு மாதிரிக் கெடந்துச்சு. எனக்கு அது வேண்டாம். பாடு. வந்தவரைக்கும் பாடு."

கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசியதிலேயே பெரிய பேச்சு அது. முடிந்ததும் களைத்துப்போய்த் தண்ணீர் குடித்தார்.

வைகாசி 26, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இன்று படுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

மண்டபத்தில் வாசலுக்கு நேராக எனக்கு ஒரு நாற்காலி, பக்கத்தில் அவருக்கு ஒன்று. பெண்ணுக்கு அத்தை, மாமா என்றால் வருகிறவர்களை எழுந்து நின்று "வாங்க" என்று கையெடுத்துக் கும்பிட வேண்டும். உட்கார்ந்தே இருந்தால் திமிர் என்று அர்த்தம். எனக்குத் தெரியாதா? அதற்காகவே எத்தனை பேரை நான் பேசியிருக்கிறேன்.

சம்பந்தி பாக்கியத்தாய் சீர்த் தட்டோடு நுழைந்தார். எல்லாரும் எழுந்தார்கள். நான் உட்கார்ந்தபடியே சிரித்தேன். கும்பிடக் கைகூடச் சரியாகத் தூக்க முடியவில்லை. அவர் முகம் மாறிவிட்டது. பக்கத்தில் இருந்தவளிடம் எனக்குக் கேட்கும்படி, "பொண்ணுக்கு அத்தை மகாராணி போலருக்கு. நாமதான் கிட்டப் போய்க் கும்பிடணும் போல" என்றார்.

கனகா ஓடி வந்து என் காதில், "மதினி, ஒரே ஒரு நிமிஷம் எந்திரிச்சிருங்க மதினி. வந்த அன்னைக்கே மனஸ்தாபம் ஆயிரும், தங்கமாரி போயி வாழணும்லா" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. நான் நாற்காலிக் கையைப் பிடித்து எழப் போனேன்.

அதற்குள் அவர் எழுந்தார். "வாங்க சம்மந்தி" என்று கும்பிட்டார். உட்கார்ந்தார். உடனே மறுபடியும் எழுந்தார். "வாங்க சம்மந்தி" என்று மறுபடியும் கும்பிட்டார். உட்கார்ந்தார்.

அடுத்து சம்பந்தியின் தங்கை. எழுந்தார், கும்பிட்டார், உட்கார்ந்தார். எழுந்தார், கும்பிட்டார், உட்கார்ந்தார். அடுத்து கொழுந்தன். அதே போல ரெண்டு தடவை. வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு சின்னப் பிள்ளை கைதட்டியது.

பாக்கியத்தாய் திரும்பி வந்தார். "என்ன அண்ணாச்சி, எல்லாருக்கும் ரெண்டு தடவ கும்பிடு போடுதீய?"

இவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மொதல்ல கும்பிட்டது நான். ரெண்டாவது கும்பிட்டது அவ. அவளால எந்திரிக்க முடியாது. நெஞ்சுல மூச்சு கம்மி. இருக்கிறதச் சாயங்காலம் பாட்டுக்குன்னு வச்சிருக்கா."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தேன். தன் கையிலிருந்த விசிறியை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். இவர் மட்டும் விடவில்லை. முகூர்த்தம் வரை ரெண்டு ரெண்டாகக் கும்பிட்டு முடித்தார். மத்தியானம் பந்தியில் அவருக்கு இடுப்பு வளையவில்லை.

சாயங்காலம் நலுங்கு. தங்கமாரியும் மாப்பிள்ளையும் பாயில். நான் நாற்காலியில். எதிரே சாத்தூர்க் கூட்டம். ஆரம்பித்தேன்.

"சாத்தூரு சம்மந்தி சரிகைச் சேலை கட்டி வந்தா,
பாத்தவுக எல்லாரும் பக்கம் வந்து கேட்டாக..."

அங்கே நின்றுவிட்டது. ஊதினேன். பொறுக்க முடியாமல் பாக்கியத்தாயே முன்னால் குனிந்து, "என்ன கேட்டாக?" என்றார். எனக்கு மூச்சு வந்தது.

"பந்தலுக்கு வாங்கி வந்த ஜமுக்காளம் இதுதானான்னு!"

மண்டபமே அதிர்ந்தது. ஒரே மூச்சில் பாடியிருந்தால் இந்தச் சிரிப்பு வந்திருக்காது. அடுத்து மாப்பிள்ளைக்கு.

"மாப்பிள்ளைக்கு மீசை உண்டு, மை தீட்டுன மீசை உண்டு,
காப்பியில நனைஞ்சதுன்னா..."

இப்போது எல்லாரும் காத்திருக்கப் பழகிவிட்டார்கள். நான் ஊத, முன்வரிசைப் பெண்களும் என்னோடு சேர்ந்து ஊதினார்கள். மாப்பிள்ளை பயந்துபோய் மீசையைத் தொட்டுப் பார்த்தான்.

"...ஒதடு மட்டும் மிச்சம் உண்டு!"

பாக்கியத்தாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பதிலுக்கு வந்தார். நல்ல குரல்.

"கோவில்பட்டிப் பொண்ணு வீட்டார் கொடத்தோட வந்தாக,
சீருன்னு நாங்க பாத்தா, தண்ணிக்குன்னு சொன்னாக!"

நான் சிரித்த சிரிப்பில் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் காலி. மூன்றாவது பாட்டு இருந்தது, அதுதான் தங்கமாரிக்கு. கேலி இல்லாத பாட்டு. வாயைத் திறந்தேன், வரவில்லை. முடியவில்லை என்று கையைக் காட்டினேன். மாப்பிள்ளை அதை ஆசீர்வாதம் என்று நினைத்துத் தடாலென்று காலில் விழுந்தான். தங்கமாரியும் விழுந்தாள். அவள் மட்டும் உடனே எழவில்லை. என் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு, "அத்தே, அந்தப் பாட்டு எனக்குத் தெரியும். தூங்க வைக்கதுக்குப் பாடுவியே. எனக்குள்ள கேட்டுருச்சு" என்றாள்.

வேறொன்றும் எழுதுவதற்கில்லை. மூச்சு பரவாயில்லை.

வைகாசி 28, புதன்

மறுவீட்டு விருந்துக்குச் சாத்தூர் போனோம். பாக்கியத்தாய் எனக்காக வாசலிலேயே நாற்காலி போட்டிருந்தார். நான் உட்கார, அவர் நின்றுகொண்டே ரெண்டு தடவை கும்பிட்டார். "ஒண்ணு ஒங்களுக்கு, ஒண்ணு அண்ணாச்சிக்கு" என்றார். சாமி அறை மாடியில். வேண்டாம் என்றார்கள், நான்தான் ஏறுவேன் என்றேன். படிக்குப் படி நின்று, பேசாமல், ஷெரின் சொன்னபடி ஏறினேன்.

மேலே போய் நின்றதும் பாக்கியத்தாயின் வீட்டுக்காரர், பெரிய மனுஷர், தட்டு நிறையத் திருநீறு எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஏறி முடித்தால் ஊத வேண்டும். ஊதினேன்.

தட்டில் இருந்தது அவ்வளவும் அவர் முகத்துக்குப் போய்விட்டது. கண்ணாடி போட்டிருந்ததால் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். அந்த இடம் மட்டும் மாநிறமாக இருந்தது. தட்டில் மீதி இல்லாததால், தன் கன்னத்தில் விரலைத் தொட்டு எனக்குப் பூசிவிட்டார். பிறகு காபி கொடுத்தார்கள்.